ஊர் வாயும் ஒரு நோய்தான்



வழக்கமாக இந்த நலவாழ்வுப் பகுதியில் இனிப்புநீரைப் பற்றி எழுதுவோம். ரத்தக் கொதிப்பைப் பற்றி எழுதுவோம். மருந்து அடிக்கப் போகிறவர்கள் மூக்கையும் வாயையும் மூடிக்கொள்ள வேண்டியதைப் பற்றி எழுதுவோம். இந்தத் தடவை, எந்த ஆஸ்பத்திரிச் சீட்டிலும் எழுதப்படாத ஒரு நோயைப் பற்றி எழுதுகிறேன். அது ஊர் வாய்.

போர் நடக்கும் இடத்தில் பெண்களுக்குச் செய்யப்படும் பாலியல் கொடுமை பற்றியது இந்தக் கட்டுரை. "பிள்ளைகளும் படிக்கிற பத்திரிகையில் இதையெல்லாம் எழுதலாமா?" என்று சிலர் முகம் சுளிப்பீர்கள். எண்பது வருஷமாக முகம் சுளித்துத்தான் பார்த்தோம். அதனால் யாருக்கு என்ன நன்மை வந்தது? கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். படித்துவிட்டு வீட்டில் உள்ளவர்களிடமும் சொல்லுங்கள்.

வெள்ளை மருந்து வாங்க வந்த அம்மா

நான் தோட்ட ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்தது 1972-ஆம் ஆண்டு. முதலில் டிரசருக்கு எடுபிடி, பிறகு நானே டிரசர். காலையில் பெரட்டு முடிந்ததும் மருந்துக்கு வந்து நிற்கிறவர்களில் ஓர் அம்மா உண்டு. அப்போது அவருக்கு ஐம்பது வயது இருக்கும். மாதத்தில் மூன்று தடவையாவது வந்துவிடுவார். ஒரு நாள் தலைவலி என்பார். இன்னொரு நாள் அடிவயிற்றில் வலி என்பார். மற்றொரு நாள், "ராவு பூரா தூக்கமே இல்லீங்க ஐயா" என்பார். சடக்கில் லாரி சத்தம் கேட்டால் அவர் கையில் இருக்கிற மருந்துப் போத்தல் நடுங்கும். நாங்கள் வெள்ளை மருந்தை ஊற்றிக் கொடுத்து, "போங்கம்மா, சரியாப் போயிரும்" என்று அனுப்பிவிடுவோம்.

அவருடைய புருஷனை ஜப்பான்காரன் சயாம் ரயில் பாதை போடப் பிடித்துக்கொண்டு போனான். அவர் திரும்பி வரவில்லை. அந்தக் காலத்தில் இந்த அம்மாவும் சில மாதம் தோட்டத்தில் இல்லையாம். எங்கே இருந்தார், யார் கொண்டு போனார்கள், என்ன நடந்தது? ஒருவரும் கேட்டதில்லை. கேட்காமலேயே தீர்ப்பு மட்டும் சொல்லிவிட்டார்கள். "அவ ஜப்பான்காரன் கேம்ப்புல இருந்து வந்தவ" என்று லயத்தில் குசுகுசுப்பார்கள். கோயில் திருவிழாவில் வரிசையாகப் பொங்கல் வைக்கும்போது அவர் அடுப்புக்குப் பக்கத்தில் யாரும் அடுப்பு மூட்ட மாட்டார்கள். வெளிக்காட்டில் எல்லை ஓரத்து நெரைதான் எப்போதும் அவருக்கு. தனியாக வெட்டி, தனியாகப் பால் எடுத்து, தனியாகவே வாழ்ந்து, ஒரு நாள் தனியாகவே செத்தும் போனார்.

அவர் மருந்துச் சீட்டைப் பிறகு எடுத்துப் பார்த்தேன். வருஷக்கணக்காக என் கையெழுத்தில் இருந்தது இரண்டே வார்த்தைகள்: தலைவலி, வயிற்றுவலி. ஒரு தடவையாவது கதவைச் சாத்திவிட்டு, நாற்காலி போட்டு, "உட்காருங்கம்மா, என்ன செய்யுது?" என்று நான் கேட்டதில்லை. அந்த அம்மாவுக்கு உண்மையில் என்ன நடந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டிய இடத்தில் உட்கார்ந்திருந்தவன் நான். ஆகவே நான் யாருக்கும் புத்தி சொல்ல வரவில்லை. நான் செய்த தப்பை நீங்கள் செய்யாதீர்கள் என்று சொல்லத்தான் வந்தேன்.

பர்மா ரோட்டில் ஒரு ஹோட்டல்

இது ஏதோ ஒரு தோட்டத்தின் கதை என்று நினைத்துவிடாதீர்கள். நம் பினாங்கின் கதையும் இதுதான்.

1941 டிசம்பர் 11-ஆம் நாள் ஜப்பானிய விமானங்கள் ஜார்ஜ்டவுன்மேல் குண்டு போட்டன. வெள்ளைக்காரத் துரைமார்கள் தங்கள் குடும்பங்களோடு இரவோடு இரவாகத் தீவை விட்டுப் போனார்கள். நம்மவர்களை அப்படியே விட்டுவிட்டுப் போனார்கள். டிசம்பர் 19-ஆம் நாள் ஜப்பானியப் படை பினாங்குக்குள் வந்தது. 1945 செப்டம்பரில் பிரிட்டிஷ் படை திரும்பி வரும்வரை, மூன்றே முக்கால் வருஷம் அவர்கள் ஆட்சி.

ஜப்பானிய ராணுவம் போன இடமெல்லாம் சிப்பாய்களுக்கென்று "ஆறுதல் நிலையம்" என்ற பெயரில் வீடுகளை அமைத்தது. பேர்தான் ஆறுதல். உள்ளே பெண்களை அடைத்து வைத்தார்கள். வேலை தருகிறோம் என்று ஏமாற்றிக் கூட்டிப் போனது உண்டு, வீடு புகுந்து இழுத்துப் போனதும் உண்டு. பினாங்கிலும் இப்படிப்பட்ட வீடுகள் இருந்தன. பர்மா ரோட்டில் இருந்த ஒரு ஹோட்டலில் தன்னை அடைத்து வைத்திருந்ததைப் பினாங்குப் பெண்மணி ஒருவர் தம் முதுமைக் காலத்தில் வெளியே சொன்னார். இன்றைக்கு நாம் பஸ்ஸிலும் மோட்டார் சைக்கிளிலும் சாதாரணமாகப் போய்வருகிற அதே பர்மா ரோடுதான்.

தோட்டத்திலோ வேறு விதமான பயம். பல்லாயிரம் தமிழர்களைச் சயாமுக்குப் பிடித்துக்கொண்டு போய்விட்டதால், லயத்தில் பெண்பிள்ளைகள் துணையில்லாமல் நின்றார்கள். வயசுப் பெண்ணை அவசர அவசரமாகக் கட்டிக் கொடுத்ததையும், முகத்தில் கரி பூசி உட்கார வைத்ததையும், தலைமுடியை வெட்டி ஆண்பிள்ளை மாதிரி உடுத்தி விட்டதையும் உங்கள் பாட்டிமார் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். தப்பித்தவர்களின் கதை இது. தப்பிக்க முடியாதவர்களின் கதையை யாராவது உங்களுக்குச் சொன்னார்களா?

ஐம்பது வருஷம் யாரும் சொல்லவில்லை. 1991 ஆகஸ்டு 14-ஆம் நாள் தென்கொரியாவில் கிம் ஹாக்-சுன் என்ற மூதாட்டி தன் பெயரையும் முகத்தையும் மறைக்காமல் முன்னுக்கு வந்து, "எனக்கு இது நடந்தது" என்று உலகத்துக்குச் சொன்னார். அதன் பிறகுதான் மற்ற நாட்டுப் பெண்களுக்கும் தைரியம் வந்தது. 1993 ஆகஸ்டில் ஜப்பானிய அரசாங்கமே, இப்படிப்பட்ட நிலையங்கள் இருந்ததை ஒப்புக்கொண்டது. அவை இருந்த இடங்களின் பட்டியலில் அன்றைய மலாயாவும் இருந்தது.

அதே 1993-இல் இங்கேயும் ஓர் அரசியல் கட்சியின் இளைஞர் பிரிவு, ஜப்பானியர் காலத்தில் பாதிக்கப்பட்டவர்கள் முன்வரலாம் என்று அழைத்தது. ஆயிரக்கணக்கானவர்கள் எழுதினார்கள். ஆனால் அடைத்து வைக்கப்பட்ட பெண்கள் என்று முன்வந்தவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள்தான். அந்த முயற்சியும் மேலே போகாமல் நின்றுவிட்டது. 1994-இல் இங்கு வந்த ஜப்பானியப் பிரதமர் முராயாமாவிடம், அன்றைய நம் பிரதமர் டாக்டர் மகாதீர், ஐம்பது வருஷத்துக்கு முந்திய விஷயத்துக்கு ஜப்பான் இன்னும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டியதில்லை என்ற கருத்தைச் சொன்னார். 1995-இல் ஜப்பானில் ஒரு நிதி அமைக்கப்பட்டது. கொரியா, தைவான், பிலிப்பைன்ஸ் பெண்களுக்குப் பணம் கொடுத்தார்கள். இந்தோனேசியாவிலும் நெதர்லாந்திலும் நலத் திட்டங்கள் நடத்தினார்கள். மலேசியப் பெண்களுக்கு அதில் இடமில்லை.

நக்காஹாரா மிச்சிகோ என்ற ஜப்பானியப் பேராசிரியை இங்கு வந்து, ஒரு மலேசியப் பெண்மணியின் வாக்குமூலத்தைக் கேட்டு எழுதி 2001-இல் வெளியிட்டார். அதில் அந்தப் பெண்மணிக்கு என்ன பெயர் தெரியுமா? "எக்ஸ் அம்மையார்". போர் முடிந்து அரை நூற்றாண்டுக்கு மேல் ஆன பிறகும், எந்தத் தப்பும் செய்யாத ஒரு கிழவி தன் சொந்தப் பேரைச் சொல்லிக்கொள்ள முடியவில்லை.

யாருக்குப் பயந்தார்கள்?

இங்கேதான் நாம் நம்மையே ஒரு கேள்வி கேட்டுக்கொள்ள வேண்டும். ஜப்பான்காரன் 1945-இல் போய்விட்டான். துப்பாக்கியும் போய்விட்டது, கேம்ப்பும் போய்விட்டது. அதன் பிறகு அந்தப் பெண்கள் யாருக்குப் பயந்து வாயை மூடிக்கொண்டிருந்தார்கள்?

நமக்குப் பயந்துதான். மாமியாருக்கு, கொழுந்தனுக்கு, பக்கத்து வீட்டுக்காரிக்கு, கிணற்றடிக்கு, கோயில் கமிட்டிக்கு, "என்னமோ நடந்துச்சாமே?" என்று இழுக்கிற ஒவ்வொரு வாய்க்கும் பயந்துதான். ராணுவம் செய்த கொடுமை மூன்றே முக்கால் வருஷம். நாம் செய்த கொடுமை சாகும் வரைக்கும்.

"சேலை முள்மேல் விழுந்தாலும், முள் சேலைமேல் விழுந்தாலும் சேதம் சேலைக்குத்தான்" என்று நம்மில் ஒரு பழமொழி உண்டு. பெண்பிள்ளைகளுக்குப் புத்தி சொல்வதற்காக இதைச் சொல்லி வைத்தார்கள். நான் கேட்கிறேன்: சேலை கிழிந்துபோனால் தைத்துக் கொடுப்பீர்களா, குப்பையில் போடுவீர்களா? முள்ளை ஏன் ஒருத்தரும் வெட்டிப் போடுவதில்லை? போர்க்காலத்தில் துப்பாக்கி முனையில் நடந்ததற்குக்கூட "மானம் போச்சு" என்று பெண்ணைச் சொல்கிறோம். மானம் போனது செய்தவனுக்கு அல்லவா?

இது நம்மிடம் மட்டும் உள்ள குறையில்லை. 1971-இல் வங்காளதேசப் போரில் ஏராளமான பெண்கள் பாகிஸ்தான் ராணுவத்தாரால் சீரழிக்கப்பட்டார்கள். நாடு விடுதலை அடைந்ததும் ஷேக் முஜிபுர் ரஹ்மான் அவர்களுக்கு "பீராங்கனா", அதாவது வீராங்கனை, என்று பட்டம் கொடுத்தார். நல்ல எண்ணத்தோடு கொடுத்த பட்டம். ஆனால் பல குடும்பங்கள் அவர்களைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளவில்லை. ஊரில் அந்தப் பட்டமே வசைச் சொல்லாக மாறிவிட்டது. விடுதலைப் போராட்ட வீரர்கள் என்று அரசாங்கம் அவர்களில் ஒரு பகுதியினரை முறைப்படி ஏற்றுக்கொண்டது 2015-இல்தான். பட்டம் எவ்வளவு பெரிதாக இருந்தாலும், பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் திறக்காவிட்டால் பயனில்லை என்பது இதிலிருந்து தெரிகிறது.

உடம்பில் என்ன நடக்கிறது?

இது நலவாழ்வுப் பகுதி. ஆகவே உடம்பைப் பற்றியும் சொல்ல வேண்டும்.

இப்படிப்பட்ட கொடுமைக்கு ஆளானவர்களுக்குப் பெண்ணுறுப்பிலும் கர்ப்பப்பையிலும் காயமும் புண்ணும் ஏற்படலாம். சிலருக்குச் சிறுநீர் அடக்க முடியாமல் ஒழுகும். நோய்த்தொற்று வரலாம், பிள்ளை இல்லாமலும் போகலாம். காயம் ஆறிய பிறகும் மனசு ஆறாது. நடந்தது கனவில் திரும்பத் திரும்ப வரும். ஒரு சத்தம், ஒரு வாடை, ஒரு சட்டையின் நிறம் போதும், நெஞ்சு படபடக்கும். தூக்கம் வராது. யாரையும் நம்ப முடியாது. "நாம் ஏன் உயிரோடு இருக்கிறோம்?" என்ற எண்ணம் வரும். மனசில் அடைத்து வைத்த பாரம் தலைவலியாகவும் வயிற்றுவலியாகவும் முதுகுவலியாகவும் வெளியே வரும். பரிசோதித்துப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. "சும்மா நடிக்கிறா" என்று சொல்லிவிடுவார்கள். நடிப்பல்ல. அந்த வலி உண்மையான வலி. வெள்ளை மருந்துக்கு அது கேட்காது.

ஆப்பிரிக்காவில் கொங்கோ நாட்டில் புக்காவு என்ற ஊரில் பன்சி ஆஸ்பத்திரி இருக்கிறது. டாக்டர் டெனிஸ் முக்வேகே 1999-இல் தொடங்கியது. போரில் சீரழிக்கப்பட்ட பல்லாயிரம் பெண்களுக்கு அங்கே வைத்தியம் பார்த்திருக்கிறார்கள். 2018-இல் அவருக்கும், ஈராக்கில் அதே கொடுமையை அனுபவித்துத் தப்பி வந்து அதை வெளியே சொன்ன நாதியா முராத் என்ற இளம் பெண்ணுக்கும் சமாதானத்துக்கான நோபல் பரிசு கொடுத்தார்கள். டாக்டர் முக்வேகே என்ன கண்டுகொண்டார்? ஆபரேஷன் மட்டும் செய்து அனுப்பினால் போதாது. மனசுக்கு வைத்தியம் வேண்டும், சட்ட உதவி வேண்டும், சொந்தக் காலில் நிற்கத் தொழில் வேண்டும். நான்கையும் சேர்த்துக் கொடுத்தால்தான் அந்தப் பெண் நிமிர்ந்து ஊருக்குத் திரும்ப முடிகிறது.

இன்றைக்கு நம் பக்கத்து வீட்டில்

"அது ஜப்பான்காரன் காலத்துக் கதை. இப்ப எதுக்கு?" என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

2017 ஆகஸ்டு 25-க்குப் பிறகு மியன்மார் ராணுவம் ரக்கைன் மாநிலத்தில் ரொஹிங்யா மக்களின் கிராமங்களை எரித்தது. ஏழு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வங்காளதேசத்துக்கு ஓடினார்கள். அந்த ராணுவம் பெண்களைச் சீரழிப்பதை ஓர் ஆயுதமாகவே பயன்படுத்தியது என்று ஐக்கிய நாட்டு விசாரணைக் குழு 2019-இல் அறிக்கை கொடுத்தது. அதற்குப் பல வருஷம் முன்பிருந்தே ரொஹிங்யா மக்கள் படகேறி நம் நாட்டுக்கு வந்துகொண்டிருக்கிறார்கள். வரும் வழியிலும் நிம்மதியில்லை. 2015-இல் பெர்லிஸ் வாங் கெலியான் காட்டில் ஆள்கடத்தல்காரர்களின் முகாம்களும் 139 புதைகுழிகளும் கண்டுபிடிக்கப்பட்டது உங்களுக்கு நினைவிருக்கும்.

இன்று ஐ.நா. அகதி ஆணையத்தில் பதிந்துகொண்ட ரொஹிங்யா மக்கள் மட்டும் இந்த நாட்டில் ஒரு லட்சத்துக்கு மேல். பினாங்குத் தீவிலும், பட்டர்வொர்த், புக்கிட் மெர்தாஜாம் பக்கங்களிலும் அவர்களைப் பார்க்கலாம். கட்டடம் கட்டுகிற இடத்தில், பசாரில், புல் வெட்டுகிற இடத்தில் நம்மவர்களோடு சேர்ந்து வேலை செய்கிறார்கள். தோட்டத்தை விட்டு வந்து தாமானிலும் பிளாட்டிலும் குடியிருக்கிற நம் குடும்பங்களுக்கு, அடுத்த கதவு அவர்கள் கதவாகவே இருக்கலாம். இலங்கைப் போரிலிருந்து தப்பி வந்த நம் தமிழர்களும் இந்த நாட்டில் இருக்கிறார்கள். அவர்களில் எத்தனை பேர் நெஞ்சில் என்ன சுமை என்று யாருக்குத் தெரியும்?

ஆண்களையும் மறந்துவிடாதீர்கள். இலங்கையில் தடுப்புக் காவலில் ஆண்களும் பாலியல் சித்திரவதைக்கு ஆளானதை ஐ.நா. மனித உரிமை அலுவலகத்தின் 2015-ஆம் ஆண்டு விசாரணை அறிக்கை பதிவு செய்திருக்கிறது. ஆண்பிள்ளை வெளியே சொல்ல இன்னும் அதிகமாகக் கூச்சப்படுவான். "நீ ஆம்பளைதானே?" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும், அவன் வாய் திரும்பத் திறக்காது.

சில சகோதரர்களின் மனசில் ஓடுவது எனக்குத் தெரியும். "நம் கஷ்டத்தையே பார்க்க ஆளில்லை. சம்பளம் போதவில்லை, வீடு இல்லை. இதில் வந்தேறிகளைப் பற்றி எதற்குக் கவலை?" கோபத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. தோட்டம் துண்டாடப்பட்டபோது நம்மை நடுச்சடக்கில் விட்டார்கள், யாரும் கேட்கவில்லை. ஆனால் ஒன்றை நினைத்துப் பாருங்கள். "வந்தேறி" என்ற அதே வார்த்தையை நம் பாட்டன், பூட்டனும் கேட்டவர்கள்தான். சயாம் ரயில் பாதையில் செத்தவர்களுக்காக யாரும் வந்து நிற்கவில்லை என்று இன்றைக்கும் நாம் குறைப்படுகிறோம். நமக்காக யாரும் வரவில்லை என்று வருந்துகிறவன், இன்னொருவன் வாசலில் நிற்கும்போது கதவைச் சாத்தலாமா? அவளுக்கு உதவி செய்வதால் உங்கள் சம்பளத்தில் ஒரு காசும் குறையப் போவதில்லை.

என்ன செய்யலாம்? எதைச் செய்யக் கூடாது?

நீங்கள் டாக்டராக இருக்க வேண்டியதில்லை. நல்ல பக்கத்து வீட்டுக்காரராக இருந்தால் போதும்.

முதலாவது, தோண்டித் துருவாதீர்கள். "என்னா நடந்துச்சு? எத்தன பேரு? நீ ஏன் ஓடல?" என்ற கேள்விகள் ஒவ்வொன்றும் புண்ணில் உப்பு. நடந்ததை எல்லாம் ஒரே மூச்சில் கொட்டித் தீர்த்தால் பாரம் இறங்கிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. வற்புறுத்திச் சொல்ல வைத்தால் பாரம் கூடத்தான் செய்யும் என்பது இன்றைய வைத்தியம் கண்ட உண்மை. அவர்களாகச் சொல்ல வந்தால் காது கொடுங்கள். சொல்ல வராவிட்டால் கூட உட்கார்ந்து தேத்தண்ணீர் குடியுங்கள். அதுவும் உதவிதான்.

இரண்டாவது, சொன்னால் நம்புங்கள். மூன்று வார்த்தை போதும்: "நான் நம்புறேன். ஒங்க மேல தப்பு இல்ல. நான் கூட இருக்கேன்." இதை வாய்விட்டுச் சொல்லுங்கள். மனசுக்குள் நினைத்துக்கொண்டால் அவர்களுக்குக் கேட்காது.

மூன்றாவது, ரகசியத்தைக் காப்பாற்றுங்கள். புருஷனிடம்கூட, பெஞ்சாதியிடம்கூட அவர் அனுமதி இல்லாமல் சொல்லாதீர்கள். படம் பிடித்து கைப்பேசியில் அனுப்புகிற வேலை வேண்டவே வேண்டாம். பரிதாபப்பட்டு அனுப்பினாலும் பாதகம்தான்.

நான்காவது, அண்மையில் நடந்தது என்றால் நேரத்தைக் கடத்தாதீர்கள். போரில் தப்பி வந்தவர்கள் இங்கே வந்த பிறகும் ஏஜெண்டிடமோ முதலாளியிடமோ மாட்டிக்கொள்வது உண்டு. நம் வீட்டுப் பெண்களுக்கும் ஆபத்து வருவது உண்டு. எய்ட்ஸ் கிருமி தொற்றாமல் தடுக்கும் மருந்தை 72 மணி நேரத்துக்குள், அதாவது மூன்று நாளுக்குள், தொடங்கியாக வேண்டும். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. கர்ப்பம் தரிக்காமல் தடுக்கும் மாத்திரையை ஐந்து நாளுக்குள் கொடுக்கலாம். கல்லீரல் அழற்சிக்குத் தடுப்பூசியும் உண்டு. முடிந்தால் குளிக்காமல், உடுத்தியிருந்த துணியைத் துவைக்காமல் காகிதப் பையில் போட்டு எடுத்துப் போவது நல்லது, அது சாட்சியம். குளித்துவிட்டார் என்றாலும் பரவாயில்லை, திட்டாமல் கூட்டிக்கொண்டு போங்கள். நாள் கடந்துவிட்டாலும் போகலாம். பழைய காயத்துக்கும் வைத்தியம் உண்டு.

எங்கே போவது? அரசாங்க ஆஸ்பத்திரியில் அவசரப் பிரிவுக்குப் போய் "ஓ.எஸ்.சி.சி." என்று கேளுங்கள். 1990-களிலிருந்து இந்த ஏற்பாடு நம் நாட்டு ஆஸ்பத்திரிகளில் இருக்கிறது. நாலு இடத்துக்கு அலைய விடாமல், தனி அறையில் வைத்து டாக்டர், சமூகநல அதிகாரி, போலீஸ் எல்லாரும் அங்கேயே வந்து பார்ப்பதுதான் இதன் நோக்கம். முதலில் சிகிச்சையைக் கேளுங்கள். உயிரும் உடம்பும் முதலில், மற்றதெல்லாம் பிறகு. பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளை என்றால், சட்டப்படி டாக்டர் அதிகாரிகளுக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். அது பிள்ளையின் பாதுகாப்புக்காக. ஆஸ்பத்திரிக்குப் போகுமுன் யாரிடமாவது பேச வேண்டும் என்றால் 15999 என்ற "தாலியான் காசே" எண்ணைக் கூப்பிடலாம். ஜார்ஜ்டவுனில் 1985-இல் தொடங்கப்பட்ட டபிள்யூ.சி.சி. என்ற மகளிர் மையம், பாதிக்கப்பட்டவர்களுக்கு ஆலோசனை சொல்லி, ஆஸ்பத்திரிக்கும் கோர்ட்டுக்கும் துணை போகிற வேலையைச் செய்து வந்திருக்கிறது. அகதிகளுக்கென்று பட்டர்வொர்த்தில் "எல்லைகளற்ற மருத்துவர்கள்" அமைப்பு கிளினிக் நடத்தி வந்திருக்கிறது.

ஐந்தாவது, கூடப் போங்கள். மொழி தெரியாதவர்களுக்கு ஆஸ்பத்திரி ஒரு காடு. ஆனால் மொழிபெயர்க்க அவருடைய பிள்ளையையோ புருஷனையோ நிறுத்தாதீர்கள். அவர்கள் எதிரில் அவர் எதைச் சொல்ல முடியும்? நம்பிக்கையான வேறொரு பெண்ணைத் தேடுங்கள்.

ஆறாவது, ஒரு நாளோடு விட்டுவிடாதீர்கள். ஆறு மாதம் கழித்தும் "சாப்பிட்டீங்களா?" என்று கேளுங்கள். வேலை கிடைக்க உதவுங்கள். தீபாவளிப் பலகாரம் கொடுக்கும்போது அந்த வீட்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். என் தோட்டத்தில் அந்த அம்மாவின் அடுப்புக்குப் பக்கத்தில் ஒரே ஒருத்தி போய் அடுப்பு மூட்டியிருந்தால், அவர் வாழ்க்கை வேறு மாதிரி இருந்திருக்கும்.

சங்கம் செய்ய வேண்டியது

பக்கத்து வீட்டுக்காரர் செய்ய வேண்டியது இது. தொழிற்சங்கம் செய்ய வேண்டியதும் ஒன்று இருக்கிறது.

2001-இல் சுகாதார அமைச்சு ஒரு சுற்றறிக்கை விட்டது. பத்திரம் இல்லாத வெளிநாட்டவர் சிகிச்சைக்கு வந்தால் போலீசுக்கோ குடிநுழைவு இலாகாவுக்கோ தெரிவிக்க வேண்டும் என்பது அதன் சாரம். ஐ.நா. அகதி அட்டை வைத்திருப்பவர்களுக்கு வெளிநாட்டவர் கட்டணத்தில் பாதி தள்ளுபடி உண்டு. ஆனால் அந்தப் பாதியே ஏழைக்குப் பெரிய தொகை. அட்டை இல்லாதவள் கதி? சீரழிக்கப்பட்டவள் ஆஸ்பத்திரி வாசலுக்கு வரவே பயப்படுகிறாள். குற்றம் செய்தவன் பயமில்லாமல் நடமாடுகிறான். இந்தக் கொடுமைக்கு ஆளாகி வருகிறவர்கள் எந்த நாட்டவராக இருந்தாலும், பிடிபடுவோம் என்ற பயம் இல்லாமல், கட்டணம் இல்லாமல் சிகிச்சை பெற வழி செய்ய வேண்டும் என்று தொழிற்சங்கங்கள் குரல் கொடுக்க வேண்டும். தொழிலாளியின் உடம்பு தொழிலாளியின் உடம்புதான், அதில் குடியுரிமை பார்க்க முடியாது.

ஒவ்வொரு கிளையிலும் மகளிர் பிரிவிலிருந்து இரண்டு பேரையாவது இந்த வேலைக்கென்று பழக்க வேண்டும். எங்கே போவது, யாரைக் கூப்பிடுவது, எதைப் பேசக் கூடாது என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். இது பெரிய செலவு பிடிக்கும் காரியமில்லை. ஆண்களும் தள்ளி நிற்கக் கூடாது. ஆண்கள் கூடும் இடத்தில் ஒருவன் இளக்காரமாகப் பேசினால், "வாயை மூடுடா தம்பி" என்று சொல்வதற்கு இன்னொரு ஆண்தான் வேண்டும்.

பர்மா ரோட்டில் அடைக்கப்பட்டிருந்த பெண்களுக்கு நாம் இனி எதுவும் செய்ய முடியாது. என் மருந்துச் சீட்டில் தலைவலி, வயிற்றுவலி என்று முடிந்துபோன அந்த அம்மாவுக்கும் முடியாது. ஆனால் இன்றைக்கு நம் பக்கத்துக் கதவுக்குப் பின்னால் தூக்கமில்லாமல் உட்கார்ந்திருக்கிற ஒருத்திக்கு முடியும்.

"ஊர் வாயை மூட உலைமூடி இல்லை" என்பார்கள். ஊரின் வாயை நம்மால் மூட முடியாமல் போகலாம். நம் சொந்த வாயை மூட முடியும் அல்லவா? அதை முதலில் செய்வோம். பிறகு அவர்களுக்காகக் காதைத் திறப்போம்.

அடுத்த இதழில் மழைக்காலக் காய்ச்சலைப் பற்றிப் பார்ப்போம்.